பக்க எண்ணைக் கையால் அடித்து நான் பட்ட பாடு

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டரில் தருமபுரி மாவட்ட நடுகற்களைப் பற்றி நானும் என் நண்பனும் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்தோம். அவன் பென்னாகரத்துக்காரன், பார்வை மாற்றுத்திறனாளி, லேப்டாப்பில் என்விடிஏ போட்டுக் கேட்டுத்தான் படிப்பான் (காசில்லாமல் கிடைக்கிற ஸ்கிரீன் ரீடர், தமிழையும் வாசிக்கும், குரல்தான் தகர டப்பா மாதிரி இருக்கும், பழகிவிடும்). டைப் செய்தது நான். பக்க எண் போட்டதும் நான்தான், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என்டரைத் தட்டித் தட்டிக் கீழே போய் 16, 17 என்று கையாலேயே அடித்துவைத்திருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஃபைலை அவனுக்கு அனுப்பினேன், ராத்திரி போன் வந்தது. "டேய், வரிவரியா கேட்டுட்டு வரேன், 'வீரன் வலக்கையில் வாள்'ங்குது, அப்புறம் பிளாங்க், பிளாங்க், பதினேழு, 'ஏந்தி நிற்கிறான்'ங்குது. பதினேழு வாளாடா?"

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று பார்த்தால், மறுநாள் கைடு ஐயா தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் பற்றி இரண்டு பத்தி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். 17 என்பது அடுத்த பக்கத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பின்னால் வந்த எல்லா எண்ணும் அப்படியே.

சரி, முறையான வழிக்கு வருவோம். வேர்டில் இன்செர்ட் போய் பேஜ் நம்பர், அதில் பாட்டம் ஆஃப் பேஜ், அவ்வளவுதான். எண் ஃபுட்டரில் (பக்கத்தின் அடியில் தனியாக இருக்கும் பகுதி) போய் உட்காரும், பத்தி கூடினாலும் குறைந்தாலும் தானே மாறிக்கொள்ளும். ஃபுட்டரில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாக்கியத்துக்கு நடுவில் வாசிக்காது, ஆனால் பக்கம் மாறும்போது இத்தனையாம் பக்கம் என்று தனியாகச் சொல்லும். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

நம் ஆட்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது வேறொரு இடத்தில். அட்டை, சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம் இவற்றுக்கெல்லாம் i, ii என்று ரோமன் எண், முதல் இயலில் இருந்து 1 என்று கேட்பார்கள். இதற்கு கன்ட்ரோல் என்டர் போதாது, அது வெறும் பக்கத்தைத்தான் உடைக்கும். லேஅவுட்டில் பிரேக்ஸ் போய், செக்‌ஷன் பிரேக்ஸ் என்பதன் கீழே இருக்கும் நெக்ஸ்ட் பேஜைத் தட்டுங்கள், ஃபைலே இரண்டு பகுதியாகப் பிரியும். அப்புறம் முதல் இயலின் ஃபுட்டரை டபுள் கிளிக் செய்து, எதையும் தொடுவதற்கு முன்னால், லிங்க் டு பிரீவியஸ் (முந்தைய பகுதியோடு இருக்கும் இணைப்பு) என்பதை அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் எண்ணை அழித்தேன், முன்பக்கங்களில் இருந்த ரோமன் எண்ணும் சேர்ந்தே போய்விட்டது, ஏன் போனது என்று கண்டுபிடிக்கவே ஒரு மத்தியானம் ஆனது. அணைத்த பிறகு ஃபார்மட் பேஜ் நம்பர்ஸில் ஸ்டார்ட் அட் 1 கொடுங்கள். அட்டையில் எண் தெரியக் கூடாது என்றால் அட்டையின் ஃபுட்டருக்குப் போய் டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ் டிக் செய்தால் போதும்.

இயல் தலைப்புகளை வெறுமனே போல்டு செய்து வைக்காமல் ஹெடிங் ஸ்டைலில் வையுங்கள். அவற்றை வைத்துப் பொருளடக்கத்தை வேர்டே போட்டுத் தரும், அதன் மேல் கர்சரை வைத்து எஃப்9 தட்டினால் எண்கள் புதுப்பிக்கப்படும். என் நண்பன் என்விடிஏவின் பிரவுஸ் மோடில் (ஒற்றை எழுத்து விசையால் தாவிப் படிக்கும் முறை) ஹெச் விசையைத் தட்டியே இயல் இயலாகத் தாவிவிடுவான், நான் மவுஸை உருட்டி முடிப்பதற்குள்.

பிரின்ட் போட வேர்டு ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோகாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் திறந்தபோது எங்கள் ஃபான்ட் அங்கே இல்லை, வேறு ஃபான்டில் ஓடி மூன்று பக்கம் கூடிவிட்டது. "தம்பி, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வாப்பா" என்றார் கடை அண்ணன். அதையும் பிரின்ட் டு பிடிஎஃப் கொடுத்துச் செய்யாமல், சேவ் ஆஸ் வழியாக, ஆப்ஷன்ஸில் அக்ஸசிபிலிட்டிக்கான டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் தலைப்பு எது, பத்தி எது என்று ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது.

வைவா (வாய்மொழித் தேர்வு) அன்றைக்கு வந்த தேர்வாளர் "35ஆம் பக்கம் எடுங்க" என்றார். நான் ஸ்பைரல் பைண்டிங்கைப் புரட்டினேன். அவன் பிடிஎஃப்பில் 41 என்று அடித்து, நேராக அங்கே போய்விட்டான். வெளியே வந்து எப்படிடா என்று கேட்டால், "முன்னாடி ஆறு பக்கம் ரோமன்ல போட்டியே, அதைக் கூட்டிக்கிட்டேன்" என்கிறான்.