முந்திரி ஊர்ப் பேத்திக்கு முந்திரி ஆகாது: எல்கேஜி சேர்த்த கதை

என் அம்மா வீடு பண்ருட்டிக்கு அந்தப் பக்கம். அப்பாவுக்கு ஒரு காணி முந்திரித் தோப்பு, பங்குனி சித்திரையில் வாசல் முழுக்கக் கொட்டை காயும். அந்த வீட்டுப் பேத்திக்கு முந்திரி சேராது என்று டாக்டர் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மீன் வாடை ஆகாது என்று சொன்ன மாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

முதல் தடவை நடந்தது பாப்பாவுக்கு இரண்டு வயது ஆவதற்கு முன்பு, ஒரு கிரகப்பிரவேசத்தில். அரை ஸ்பூன் கேசரி. பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்திலும் முதுகிலும் தடிப்பு தடிப்பாக எழும்பியது. கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் காணாக்கடி, கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்றார்கள். வெற்றிலையும் மிளகும் வந்தது, திருநீறு வந்தது, யாரோ மிளகாய் சுற்றிப் போட்டார்கள். தடிப்பு தானாக அடங்கியதால் வெற்றிலைக்கு நல்ல பெயர் கிடைத்தது. நானும்தான் நம்பினேன், பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தடவை மார்கழி. அதற்குள் எனக்கு முந்திரி மேல் சந்தேகம் வந்திருந்தது, வேண்டாம் என்று சொல்லியும் வைத்திருந்தேன். அம்மா வெண்பொங்கலில் இருந்து முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் ஊட்டினார். "பொறுக்கிட்டுதானேடி குடுத்தேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. நெய்யில் வறுத்த முந்திரியின் புரதம் அந்த நெய்யோடு பொங்கல் முழுக்கக் கலந்துவிடும், பருப்பை எடுத்தால் போதாது என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. அன்றைக்கு வாந்தி, இருமல், அப்புறம் மூச்சு விசில் அடித்தது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதும் சில நிமிடங்களில் நிறம் திரும்பியது. சரியாகிவிட்டதே என்று கிளம்பப் பார்த்தோம், விடவில்லை. சில மணி நேரம் கழித்து எல்லாம் மறுபடி வரலாமாம்.

அதற்குப் பிறகுதான் புதுச்சேரியில் அலர்ஜி பார்க்கும் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். கடலூரில் இருந்து கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வருவாள். ஸ்கின் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரை, சிரப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள், இல்லையென்றால் ரிசல்ட் சரியாக வராது. முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்துத் தடிப்பை அளந்தார்கள். முந்திரியும் பிஸ்தாவும் கொசுக்கடியை விடப் பெரிதாகப் பொங்கியிருந்தன. இந்த இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது. நிலக்கடலைக்கு ஒன்றுமே வரவில்லை, அது பயறு வகையாம், கடலைமிட்டாய் தப்பித்தது. மாங்காயும் முந்திரிக் குடும்பம்தான், ஆனால் இவள் மாம்பழம் எப்போதும் சாப்பிடுகிறாள், நிறுத்த வேண்டாம் என்றார். தடிப்பு பெரிதாக இருந்தால் அடுத்த தடவை ஆபத்தும் பெரிதாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை, சின்னதாக இருந்தால் நிம்மதி என்றும் அர்த்தம் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த அட்ரினலினை நாமே போடுவதற்கு வெளிநாட்டில் பேனா மாதிரி ஒரு ஊசி இருக்கிறது, மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் போதும். நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டதும் வாங்குகிற பொருள் இல்லை அது. அதனால் சாதாரண அட்ரினலின் ஆம்பியூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி), ஒரு மில்லி சிரிஞ்ச். பாப்பா 15 கிலோ, அதனால் 0.15 மில்லி என்று எழுதிக் கொடுத்தார். (அளவு எடையைப் பொறுத்தது, என் கணக்கை உங்கள் பிள்ளைக்கு எடுக்காதீர்கள்.) பள்ளிக்கு மட்டும் மருந்தை முன்பே ஏற்றிய சிரிஞ்ச், அதை 3 மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே கொடுத்து மாற்ற வேண்டும். வெயிலும் வெளிச்சமும் படக் கூடாது, மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஜூனில் பள்ளி. மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் ஃபீஸ் வாங்கும் வரை சரி சரி என்றார்கள், ஊசி என்றதும் "நீங்க வேணும்னா ஒரு வருஷம் கழிச்சு சேருங்களேன்" என்றார்கள். அடுத்த பள்ளியின் பிரின்சிபல் மேடம் உட்கார வைத்துக் கேட்டார். நான் மூன்று பக்கம் ஆங்கிலத்தில் டைப் செய்து, டாக்டர் கடிதம், ரிப்போர்ட் எல்லாம் ஃபைல் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வாங்கி பீரோவில் வைத்தார். அந்த ஃபைலை அதற்கப்புறம் யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

திறக்காமலே விஷயம் புரிந்தவர் ஆயாம்மா. முதல் நாள் கேட்டில் என்னைப் பிடித்து, "ஏம்மா, ஆபீஸ்ல ஏதோ பெரிய கட்டு குடுத்தியாமே, புள்ளைக்கு எது குடுக்கக் கூடாது, அத மட்டும் எங்கிட்ட சொல்லு" என்றார். அலர்ஜி என்றேன். "எனக்கும் கத்திரிக்கா அலர்ஜிதான், சொறிஞ்சிக்குவேன்" என்றார். அங்கேதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் அலர்ஜி என்றால் அரிப்பு, ஒத்துக்காது என்றால் வாயு. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக்கொண்டு இருக்கும் வரை எல்லாரும் "கொஞ்சூண்டு குடுத்தா ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வார்கள். "முந்திரி பட்டா மூச்சு அடைச்சிக்கும் ஆயாம்மா" என்றேன். அவர் முகம் மாறியது. அன்று இரவே தமிழில் ஒரே பக்கம், பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன். முந்திரி, பிஸ்தா கூடாது. பாயசம், கேசரி, பொங்கல், வெள்ளைக் குருமா, கடை ஸ்வீட், கேக், ஐஸ்கிரீம் எதுவும் கூடாது. தடிப்பு மட்டும் என்றால் சிரப்பு கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இருமல், மூச்சிரைப்பு, குரல் மாற்றம், துவண்டு போவது, அல்லது தடிப்போடு வாந்தி என்றால் யோசிக்காமல் தொடையின் வெளிப்பக்கம் நடுவில் ஊசி. படுக்க வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், நடக்க விடக் கூடாது. 108, அப்புறம் எனக்கு போன்.

ஊசி யார் போடுவது என்பதில் இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் எல்கேஜி மிஸ் ஒத்துக்கொண்டார், சாத்துக்குடியில் தண்ணீர் ஏற்றிப் பழகினோம். முதல் சாத்துக்குடியில் அவர் கை நடுங்கியதைப் பார்த்து நானே பயந்துவிட்டேன், ஆறாவதில் சரியானது. சிரிஞ்சும் சிரப்பும் ஒரு சிவப்புப் பையில், ஆயாம்மாவின் தண்ணீர்ப் பானை இருக்கும் நிழலான அலமாரியில். சாவி போடக் கூடாது என்பது ஒன்றுதான் நான் கறாராகச் சொன்னது.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் "பண்ருட்டி பக்கத்துல இருந்துகிட்டு எங்க பிள்ளைங்க முந்திரி சாப்பிடக் கூடாதா" என்று போட்டார். யாரையும் சாப்பிட வேண்டாம் என்று நான் கேட்கவே இல்லை. சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர முந்திரியைத் துடைக்காது என்றேன். பிறந்தநாள் கேக் வந்தால் முன்கூட்டியே சொல்லச் சொன்னேன், பாதிப் பேர் சொல்வார்கள். பட்டர்ஸ்காட்ச் கேக்கில் மேலே தூவும் மொறுமொறுப்பில் முந்திரி இருக்கும் என்பது வாங்குகிறவர்களுக்கே தெரியாது. பாக்கெட் என்றால் 2020 லேபிள் விதிப்படி நட்ஸ் இருப்பதைப் போட்டே ஆக வேண்டும், பொடி எழுத்தில் தேடிப் பிடிக்கலாம். தட்டில் வைத்து விற்கிற பேக்கரி சரக்குக்கு கடைப் பையனின் வாய்தான் லேபிள். அதனால் வீட்டில் இருந்து ஒரு டப்பா கடலைமிட்டாய் ஆயாம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், யார் கேக் வெட்டினாலும் இவளுக்கு அதில் ஒன்று. ஆடி வெள்ளிக்கு யாரோ கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை ஆயாம்மா வகுப்புக்குள்ளேயே விடவில்லையாம், மேடத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஆகஸ்டில் ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு போன். கை முழுக்கத் தடிப்பு. வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போய்ப் பார்த்தால் பாப்பா பெஞ்சில் உட்கார்ந்து கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கை மட்டும் சிவந்திருக்கிறது, சிரப்பு கொடுத்திருந்தார்கள், மூச்சு சுத்தமாக இருந்தது. கொல்லையில் முருங்கை மரம், அதில் கம்பளிப்பூச்சி, இவள் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"வெறும் பூச்சிதாம்மா" என்றார் ஆயாம்மா. சிவப்புப் பையை மடியில் வைத்திருந்தார், ஜிப் திறந்தே இருந்தது.