மொழித் தேர்வுக்கு முன் ஒரு மாதத் தனிப்பயணம்: நாட்டை எப்படித் தேர்ந்தெடுத்தேன்

ஒரு மாதம் தனியாக வெளிநாட்டில் சுற்ற எந்த நாட்டுக்குப் போவது என்பதை எனக்கு முடிவு செய்து தந்தது ஒரு தேர்வின் மதிப்பெண் முறை. டெலே என்பது ஸ்பெயினின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் ஸ்பானிய மொழித் தேர்வு. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. நான் எழுத நினைத்தது மூன்றாவது நிலையான பி1. அதில் வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி. கேட்டலும் பேச்சும் இன்னொரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் 50க்கு 30 எடுத்தே ஆக வேண்டும். வாசிப்பில் 25க்கு 25 வாங்கினாலும், பேச்சில் விழுந்த பள்ளத்தை அது நிரப்பாது.

வீட்டில் உட்கார்ந்து புத்தகமும் செயலியும் வைத்துப் படித்தவர்கள் எல்லோருக்கும் வாசிப்பு முன்னே ஓடும், காதும் வாயும் பின்தங்கும். என் நிலையும் அதுதான். ஆகவே கையில் கிடைத்த அந்த ஒரு மாதத்துக்கு ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன்: எந்த ஊர் என் காதிடமும் வாயிடமும் அதிகம் வேலை வாங்கும்? மொழி படிக்காதவர்களுக்கும் இந்த வகைக் கேள்வியைத்தான் பரிந்துரைப்பேன். மாத முடிவில் எனக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆழ்கடல் முக்குளிப்பு, மலை நடை, ஒரு கைத்தொழில் என்று எதுவாகவும் இருக்கலாம். அழகான நாடு எது என்று கேட்டால் நூறு பதில்கள் வரும். இந்தக் கேள்விக்கு நான்கைந்துதான் வரும். தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்துவிடும்.

என் பட்டியலில் மிஞ்சியவை ஸ்பெயினின் சலமான்கா, பெருவின் குஸ்கோ, மெக்சிகோவின் வஹாகா, பிறகு குவாத்தமாலா. தேர்வு மே மாதம். பயணத்துக்குக் கிடைத்தது பிப்ரவரி. வரைபடத்தை ஒதுக்கிவிட்டு நாட்காட்டியை எடுத்தேன். மாதத்தை முதலில் உறுதி செய்யுங்கள், நாடு பிறகு வரட்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் குஸ்கோதான். படங்களைப் பார்த்தால் யாரும் அதைத்தான் முதலில் வைப்பார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் அங்கே கனமழைக் காலம். மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் புகழ்பெற்ற இன்காப் பாதையைப் பராமரிப்புக்காக ஒவ்வொரு பிப்ரவரியிலும் மூடிவிடுகிறார்கள். மற்ற மாதங்களிலும் உரிமம் பெற்ற வழிகாட்டி நிறுவனத்தோடுதான் அதில் நடக்க முடியும். தனியாக முதுகுப்பையோடு கிளம்பிவிட முடியாது. நகரமோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் நேரே போய் இறங்குபவர்களில் பலருக்கு முதல் சில நாட்கள் தலைவலியும் தூக்கமின்மையும் இருக்கும். வகுப்பில் புதிய வினைவடிவங்களை மனத்தில் ஏற்றவேண்டிய நாட்களில் அந்தத் தலைவலி வேண்டாம் என்று தோன்றியது.

சலமான்காவின் பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கப்பட்டது. ஸ்பானியம் கற்பிப்பதில் அந்த நகருக்கு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் மொழிப்பள்ளிகளில் குழு வகுப்புகளே பெருவழக்கு. எட்டுப் பேர் உட்காரும் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் பேசக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுத்துத் தொகுதியில் பலவீனமாக இருந்திருந்தால் நான் அங்கேதான் போயிருப்பேன். ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படும் கடவுச்சீட்டு உடையவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். பலர் கடைசி நேரம் வரை காத்திருந்து, நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

விடுவதற்கு மனம் வராத ஊர் வஹாகா. பிப்ரவரியில் மழை இல்லை, பக்கத்திலேயே சபோடெக் மக்கள் எழுப்பிய மொன்டே அல்பான் என்ற பழங்கால நகரம், நல்ல பள்ளிகளும் இருக்கின்றன. அதைத் தள்ளிவைக்கச் செய்தது மெக்சிகோவின் பரப்பு. அந்த நாடு சுமார் 19.6 லட்சம் சதுர கிலோமீட்டர். குவாத்தமாலா ஏறத்தாழ 1.09 லட்சம். ஒரு மாதம் என்றால் நீண்ட காலம் என்று நினைக்கிறோம். போகும் நாள், வரும் நாள், உடல்நிலை சரியில்லாத நாள், துணி துவைத்துவிட்டுச் சும்மா இருக்கும் நாள் எல்லாவற்றையும் கழித்தால் மூன்று வாரம்தான் கைக்கு வரும். பெரிய நாட்டில் இருந்தால் கிழக்கே யுகடான், வடக்கே பாலைவனம் என்று ஆசை இழுத்துக்கொண்டே இருக்கும். இரவுப் பஸ்களில் மாதம் கரைந்துவிடும். தனிப்பயணிக்கு ஒரு மாதத்துக்குச் சிறிய நாடு போதும், அல்லது பெரிய நாட்டின் ஒரே ஒரு மூலை போதும் என்பது என் உறுதியான கருத்து. இதில் என்னோடு சண்டை பிடிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஒரே மாதத்தில் ஐந்து நாடு பார்த்தவர்களிடம், எந்த ஊரில் யாருடைய பெயர் நினைவிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

குவாத்தமாலாவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். அதைவிட முக்கியமாக, அங்குள்ள ஸ்பானியப் பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்பதே வழக்கம். ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், எதிரே ஒரே ஒரு மனிதர். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் அறையும் உணவும் பள்ளியே ஏற்பாடு செய்யும்.

இந்தக் குடும்ப வீட்டை நான் பெரிதாக நினைப்பதற்கு மொழியைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. தனியாகப் போகிறவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாதுகாப்புப் பட்டியல்களை விழுந்து விழுந்து படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: முதல் வாரம், இரவுச் சாப்பாட்டுக்கு நான் வரவில்லை என்றால் யாராவது என்னைத் தேடுவார்களா? அறிமுகமே இல்லாத நாட்டில், மொழியும் முழுதாக வராத நிலையில், அப்படித் தேடும் ஒரு வீடு இருப்பது பெரிய பலம். வகுப்பு, பயிற்சி, பண்ணை வேலை என்று எது வழியாகவோ முதல் வாரத்தில் அப்படி ஓரிடம் அமையும் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். தனிமை பழகிய பிறகு, இரண்டாம் பாதியில் எங்கே வேண்டுமானாலும் அலையலாம்.

நாட்டை முடிவு செய்த பிறகும், அங்கே போய்ச் சேரும் வழி அதைக் கவிழ்த்துவிடக்கூடும். குவாத்தமாலாவுக்கான பல விமானங்கள் அமெரிக்கா வழியாகப் போகின்றன. அமெரிக்க விசா தேவைப்படும் நாட்டினருக்கு அங்கே விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். மாட்ரிட், மெக்சிகோ நகரம், பனாமா வழிகளும் உண்டு. அவற்றுக்கும் உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று தூதரகத்தின் பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகள் வழியாக வருபவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நாடுகள் பல. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். அனுமதிக்கும் நாட்களைக் கணக்கிடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்கும் ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்திருப்பதால், சுற்றுலாப் பயணிக்குத் தரும் 90 நாட்கள் நான்குக்கும் சேர்த்துத்தான். ஒரு மாதப் பயணிக்கு இது சிக்கலில்லை. 30 நாள் மட்டுமே தரும் நாடுகளுக்குப் போகிறவர்கள், நள்ளிரவுக்குச் சற்று முன் இறங்கினாலும் அது ஒரு நாளாக எண்ணப்படலாம் என்பதை மனத்தில் வைத்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஊர்த் தேர்வுக்கு வருகிறேன். நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நாம் ஊருக்குக் காட்டுவதில்லை. எல்லோரும் சொல்வது ஆன்டிகுவா. 1773இன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரை அங்கிருந்து மாற்றினார்கள். இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களும், சுற்றிலும் எரிமலைகளுமாக அது மயக்கும் நகரம்தான். ஆனால் விடுதியிலும் உணவகத்திலும் ஆங்கிலமே காதில் விழும். நீங்கள் தட்டுத் தடுமாறி ஸ்பானியத்தில் கேட்டால், பரிவோடு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். அத்தித்லான் ஏரிக்கரையில் இருக்கும் சான் பெத்ரோவும் பயணிகளால் நிறைந்தது. அங்குள்ள மக்களின் தாய்மொழி சூட்டுஹில் என்ற மாயன் மொழி. நாட்டில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட மாயன் மொழிகள் 22 என்பதை நான் அங்கே போவதற்கு முன்பே தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. ஸ்பானியம் பலருக்கு இரண்டாம் மொழி என்ற மரியாதையோடு பேசத் தொடங்கினேன்.

நான் தங்கியது ஷேலாவில். அரசுப் பெயர் கெட்ஸால்டெனாங்கோ, நாட்டின் இரண்டாவது நகரம் என்று சொல்வார்கள், சுமார் 2,330 மீட்டர் உயரம். பிப்ரவரி இரவுகள் கடுங்குளிர். வீடுகளில் வெப்பமூட்டும் வசதி இருக்காது. கம்பளி உடை இல்லாமல் போகாதீர்கள். மாணவர்கள் நிறைந்த, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நகரம் அது. அங்கே பயணியாக உலாவுவதற்கு அதிகமில்லை என்று குறை சொல்வார்கள். மொழி மாணவருக்கு அதுதான் வேண்டும். கடைக்காரருக்கும் பஸ் நடத்துநருக்கும் முடிவெட்டுபவருக்கும் ஸ்பானியம் தவிர வேறு வழி இல்லை, உங்களுக்கும் இல்லை.

மாதத்தின் முதல் பாதி வகுப்பு, மறு பாதி பயணம் என்று பிரித்துக்கொண்டேன். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் சுற்றிவிட்டுப் பிறகு படிக்கலாம் என்று வைத்தால், சுற்றும்போது பேச வார்த்தை இருக்காது. படிக்கும்போது புறப்படும் நாள் நெருங்கி மனம் கலைந்திருக்கும். வகுப்பில் முதல் நாளே ஆசிரியரிடம் தேர்வின் அமைப்பைச் சொல்லிவிட்டேன். பி1 பேச்சுத் தேர்வு 15 நிமிடம், அதற்கு முன் தயாராக 15 நிமிடம். ஒரு தலைப்பில் தனியாகப் பேசுவது, அதையொட்டித் தேர்வாளரோடு உரையாடுவது, ஒரு புகைப்படத்தை விவரிப்பது, பிறகு அந்தப் படத்தோடு தொடர்புள்ள ஒரு சூழ்நிலையை நடித்துப் பேசுவது. கேட்டல் பகுதியில் ஒவ்வொரு ஒலிப்பதிவும் இருமுறை ஒலிக்கும்.

புகைப்படப் பகுதிக்குப் பயணமே பாடப்புத்தகம் ஆனது. பகலில் ஒரு படம் எடுப்பேன்: வியாழனும் ஞாயிறும் கூடும் சிச்சிகஸ்டெனாங்கோ சந்தை, வண்ணம் பூசிய பழைய அமெரிக்கப் பள்ளிப் பஸ்ஸின் கூரையில் ஏறும் மூட்டைகள், படகுத்துறையில் காத்திருக்கும் குடும்பம். இரவில் விடுதியை நடத்துபவரிடமோ குடும்பத்தலைவியிடமோ அதைக் காட்டி மூன்று நிமிடம் விடாமல் பேசுவேன். அவர்கள் திருத்துவார்கள், கேள்வி கேட்பார்கள், படத்தில் நான் கவனிக்காத ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள். இதற்கு இணையான பயிற்சியை எந்த மாதிரித் தேர்வும் எனக்குத் தரவில்லை.

இரண்டாம் பாதியில் பயணிகளுக்கென்று ஓடும் வேன்களைக் கூடியவரை தவிர்த்தேன். அதற்குள் ஏறினால் மீண்டும் ஆங்கிலம். உள்ளூர்ப் பஸ்ஸில் பகலில் மட்டும் போனேன். இருட்டிய பிறகு சாலைப் பயணம் வேண்டாம் என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள், அதை மீறத் தேவையில்லை. அத்தித்லான் ஏரியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பிற்பகலில் ஷொகொமில் என்ற காற்று எழும், சிறு படகுகள் மிகவும் ஆடும். எரிமலை ஏறுவதற்குத் தனியாகப் போகாதீர்கள். 3,976 மீட்டர் உயர அகடெனாங்கோவிலிருந்து பக்கத்து ஃபுவேகோ நெருப்பைக் கக்குவதைப் பார்க்கப் பலர் போகிறார்கள். அதே ஃபுவேகோ 2018 ஜூன் 3 அன்று வெடித்து அடிவாரக் கிராமங்களைப் புதைத்தது. வழிகாட்டி போகவேண்டாம் என்று சொல்லும் நாளில் திரும்பிவிடுங்கள்.

குவாத்தமாலாவில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்று பேசுகிறார்கள், பாடநூல் ஸ்பானியத்தில் அது இராது, தேர்வில் குழப்பாதா என்று பலர் கேட்கிறார்கள். டெலே எந்த நாட்டு ஸ்பானியத்தையும் ஏற்கிறது. தொடங்கிய வழக்கை இறுதிவரை ஒரே சீராகப் பேசினால் போதும். கேட்டல் பகுதியிலும் பல நாட்டு உச்சரிப்புகள் வரும் என்பதால் ஒரே நாட்டு ஒலியை மட்டும் பழகுவது எப்படியும் போதாது. திரும்பி வந்த பிறகு தேர்வு வரை ஸ்பெயின், அர்ஜென்டினா வானொலிகளைத் தினமும் கேட்டேன்.

உங்கள் தேர்வு நவம்பரில் என்றால் பயணம் ஜூலை, ஆகஸ்டில் விழும். கணக்கு அப்படியே திரும்பிவிடும். அப்போது குவாத்தமாலாவில் மழைக்காலம். மலைச்சாலைகளில் மண் சரியும். குஸ்கோ வறண்டு தெளிவாக இருக்கும், ஆனால் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஸ்பெயினின் தெற்கு வெயிலில் வேகும். வடக்குக் கடற்கரை நகரங்கள் இதமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் குவாத்தமாலா போகிறவர்கள் ஈஸ்டர் எந்த வாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய புனித வாரத்தில் நாடே விடுமுறையில் இருக்கும், ஆன்டிகுவாவில் அறை கிடைப்பது அரிது.

எதை முதலில் பதிவு செய்வது என்ற வரிசையும் முக்கியம். தேர்வுக்கான பதிவு, தேர்வு நாளுக்குப் பல வாரங்கள் முன்பே மூடிவிடும், சில மையங்களில் இடமும் குறைவு. ஆகவே அது முதலில். அடுத்தது விசா, பிறகு விமான டிக்கெட். பள்ளிக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். எதிரே உட்காரும் ஆசிரியர் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் சொல்லி, திங்கள் முதல் வேறு ஆசிரியரைக் கேட்கலாம், வேறு பள்ளிக்கும் மாறலாம்.