வன்னியில் திருவருகைக் காலத்துக்கு ஆயத்தமாகையில்

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கு முந்தாது, டிசம்பர் 3க்குப் பிந்தாது. வன்னியில் ஆராதனையை ஒழுங்கு செய்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது இந்தத் திகதிகளைத்தான். நவம்பர் 27, போரில் மாண்ட புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள். அவர்களைப் புதைத்த துயிலுமில்லத்தில் விளக்கேற்றிவிட்டு வந்த தாய்மார் அந்த ஞாயிறு ஆலயத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நத்தார் பாட்டோடு ஆராதனையைத் தொடங்கவே கூடாது. இது புலம்பலுக்கும் இடம் உள்ள காலம்; ஊதா நிறமும் ‘உன்னதத்தில் மகிமை’ பாடாமல் விடுவதும் அதற்கு இசைவானவை.

2026இல் முதல் ஞாயிறு நவம்பர் 29. அன்றோடு, ஞாயிறு வேத வாசகங்களை மூன்று ஆண்டுச் சுற்றாக ஒழுங்குசெய்யும் பொது வாசக அட்டவணையின் இரண்டாம் ஆண்டு, அதாவது மாற்குவின் ஆண்டு, தொடங்குகிறது. அன்றைய வாசகங்கள் ஏசாயா 64:1-9, சங்கீதம் 80, மாற்கு 13:24-37. வானத்தைக் கிழித்து இறங்கி வாரும் என்று மன்றாடும் ஏசாயாவின் பகுதியை நிதானமாக, நல்ல குரல் உள்ள ஒருவர் வாசிக்கட்டும். மாற்குவில்தான் அவதானம் தேவை. சூரியன் இருளும், நட்சத்திரங்கள் விழும் என்ற வரிகளை 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இருந்தவர்கள் வேறு மாதிரித்தான் கேட்பார்கள். அதை மிரட்டும் தொனியில் வாசிக்கக் கூடாது, மேளமும் வேண்டாம். பிரசங்கத்தை 33ஆம் வசனத்துக்குப் பிறகு வரும் வாசல் காவல்காரனில் ஊன்றினால் சபை கூடவே வரும்.

காத்திருத்தலைப் பற்றிப் பேசும்போது சொற்களை எண்ணிப் பேசவேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் போராடத் தொடங்கினார்கள். ‘காத்திருந்தால் கிடைக்கும்’ என்று அவர்களிடம் சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. மன்றாட்டில் மரித்தவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு மன்றாட்டாகப் பிரியுங்கள், நடுவில் ஒரு நிமிடம் மௌனம் விடுங்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பெயரை வாசிக்கவேண்டாம்.

திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒரு வர்த்தி கூட்டி ஏற்றும் மெழுகுவர்த்தி வளையம் 1839இல் ஹம்பர்க்கில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இங்கே அதற்கு ஊசியிலை தேடி அலையத் தேவையில்லை. அகலமான பித்தளைத் தட்டில் மூன்று விரல் உயரத்துக்கு ஈரமணல் பரப்பி, நான்கு மெழுகுவர்த்திகளையும் அதில் நடுங்கள், சுற்றிவர மாவிலை. மணல் வடியும் மெழுகையும் பிடிக்கும், வர்த்தி சாய்ந்தாலும் நெருப்பு பரவாது. வேப்பிலை இரண்டு நாளில் சுருண்டுவிடும், காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றும். சனிக்கிழமைதோறும் இலையை மாற்றவேண்டும். முதல் வர்த்தி நான்கு ஞாயிறும் எரியவேண்டியது. ஒன்றேகால் மணி நேர ஆராதனை என்றால் ஐந்து மணி நேரம். மெல்லிய வர்த்தி மணிக்கு ஓர் அங்குலம் அளவில் குறையும், மின்விசிறிக் காற்றில் இன்னும் வேகமாக. ஆகவே தடித்த வர்த்தியே வாங்குங்கள், வளையத்துக்கு மேலுள்ள விசிறியை நிறுத்திவிடுங்கள். மூன்றாம் ஞாயிறுக்கு உரிய இளஞ்சிவப்பு வர்த்தி கிடைக்காவிட்டால் வெள்ளை வர்த்தியில் இளஞ்சிவப்பு நாடா கட்டலாம். ஆனால் சுடருக்கு எட்டாதபடி அடியில்.

இது வடகீழ்ப் பருவமழைக் காலம். மின்சாரம் போனால் கீபோர்ட் இல்லை. கீபோர்ட் இல்லாமல் சபை பாடக்கூடிய பாட்டுகளையே தெரிவுசெய்து, சுருதி பிடிக்க ஒருவரைப் பழக்குங்கள். குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதை மூடினால் எந்தக் கிராமத்தில் யார் வீட்டில் கூடுவது, யார் வாசிப்பது என்பதை நவம்பர் நடுவிலேயே எழுதிக் கொடுத்துவிடவேண்டும். காலபோக நெல் வயலில் பசளை எறியும் நாட்களும் இவைதான், பின்னேரக் கூட்டங்களைக் குறைப்பது நல்லது.

கரோலுக்கு மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகு போனால் போதும். துக்கமுள்ள வீடுகளை முன்கூட்டியே கேளுங்கள். வரச் சொன்னால் மேளத்தைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்துவிட்டு வாருங்கள். காணிக்கைப் பெட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுபோகவேண்டாம்.