வயலுக்குள் இறங்கிய கமரா

விவசாயப் போதனாசிரியருக்கு ஒரு தெளிவான படம் கிடைத்தால், நோயைக் கண்டுபிடிக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி. நெல்லிலையில் வரும் எரிபந்த நோயின் புள்ளி நடுவில் அகன்று, இரு முனையும் கூராகி, உள்ளே சாம்பல் பூத்திருக்கும். கபிலப் புள்ளி நோயில் அது நீள்வட்டமாக வரும். ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். செய்ய வேண்டிய வைத்தியமோ வேறு. மங்கல் படத்தைப் பார்த்து மருந்து சொன்னால் விவசாயியின் காசு வீணாகும். படுவான்கரை வேளாண்மைக்காரருக்காக மட்டக்களப்பில் நாங்கள் செய்த செயலியில் கமராப் பகுதி என் பொறுப்புக்கு வந்தபோது, இந்த இரண்டு புள்ளிகளையும் பிரித்துக் காட்டும் படம்தான் என் இலக்கு.

செயலிகள் போனின் கமராவை இயக்குவதற்காக ஆண்ட்ராய்டு 5.0 உடன் 2014இல் வந்த கமரா2 இடைமுகம் வலிமையானது. ஆனால் ஒரு படம் எடுக்கவே பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும், அந்த நிரலும் போனுக்குப் போன் வேறுவிதமாக நடந்துகொள்ளும். கூகுள் 2019இல் அறிவித்த கமராஎக்ஸ் அதன்மேல் கட்டப்பட்ட லைப்ரரி, அதாவது எடுத்துப் பாவிக்கக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பு. முதல் நிலையான பதிப்பு 2021இல் வெளியானது. அப்பாச்சி 2.0 உரிமத்தில் மூலநிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. முன்காட்சி, படமெடுத்தல், கமராவில் தொடர்ந்து வரும் பிரேம்களை (ஒவ்வொரு காட்சிச் சட்டத்தையும்) ஆராய்தல் என்று வேண்டியதைக் கேட்டு, செயலித் திரை திறந்து மூடும்வரையான ஆயுளோடு இணைத்துவிட்டால், கமராவைத் திறப்பதையும் மூடுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அந்த மூலநிரலுக்குள் ஒரு பகுதி முழுக்க, தனித்தனிப் போன் மாடல்களின் கோளாறுகளும் அவற்றுக்கான மாற்று வழிகளும்தான். கேலக்சி எஸ்7 வகைகளில் ஃபிளாஷ் போட்டால் படம் வெளிறிப்போவதற்குக்கூட அங்கே தனிக் கோப்பு இருக்கிறது. யாரோ எங்கேயோ பட்ட சிரமம், பெயரிட்டு, மாடல் எண்ணோடு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதை வாசிக்க எனக்கு உண்மையில் மனம் நிறைந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலுக்கு வருவது புதுப் போன் அல்ல; கட்டாரில் இருக்கும் மகன் முன்பு பாவித்தது, மகள் மாற்றும்போது கொடுத்தது. பழைய போனையும் கைவிடாத ஒரு லைப்ரரி இல்லாமல் எங்கள் செயலி அந்த மக்களிடம் போயிருக்காது.

ஆனால் லைப்ரரிக்கு வயலைத் தெரியாது. முதல் வடிவத்தைக் கொண்டுபோனபோது, வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைக் கவனிக்கும் வட்டவிதானை ஐயா போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சேத்துக் கையால இத எங்க மனே அமத்துற? வெயிலுக்க ஒண்டும் தெரியுதுமில்ல.” ஈரக் கையின் தொடுகையைத் திரை சரியாக ஏற்காது, உச்சி வெயிலில் முன்காட்சி கறுப்பாகத்தான் தெரியும். அதனால் ஒலி கூட்டும் பொத்தானை அமத்தினால் படம் எடுக்கும்படி செய்தோம். படம் தெளிவா இல்லையா என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாத இடம் அது. ஆகவே செயலியே பார்த்துக் குரலில் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு உதவியது பிரேம் ஆராயும் பகுதி. வரும் ஒவ்வொரு பிரேமிலும் நிறத்தை விட்டு, வெளிச்ச அளவைச் சொல்லும் ஒளிர்வுத் தளத்தை மட்டும் எடுத்து, சராசரி வெளிச்சத்தையும் விளிம்புகளின் கூர்மையையும் கணக்கிடுகிறோம். பழைய போனால் எல்லாப் பிரேமையும் சமாளிக்க முடியாது. ஆகக் கடைசியாக வந்ததை மட்டும் வைத்து மற்றதை விடச் சொல்லும் அமைப்பு லைப்ரரியிலேயே உண்டு. வேலை முடிந்த பிரேமை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் அடுத்தது வராது. குவியத்தை ஓரிடத்தில் வைத்தால் இயல்பாக 5 விநாடியில் அது விடுபட்டுவிடும். காற்றில் ஆடும் இலைக்கு அந்த நேரம் போதாது என்பதால் படம் எடுத்து முடியும்வரை பிடித்துவைத்தோம்.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சிக்கு வேறு வழி. அது தண்ணீருக்குச் சற்று மேலே தண்டின் அடியில் இருக்கும், அங்கே நிழல்தான். ஃபிளாஷ் ஒரு கணம் வெட்டினால் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிறது. டோர்ச்சைத் தொடர்ந்து எரியவிட்டபோது பூச்சியின் நிறமே தெரிந்தது.

அனுப்புவதில் சொல்ல அதிகம் இல்லை. படத்தைச் சிறிதாக்கி, சிக்னல் வரும்வரை போனிலேயே வைத்து, வந்ததும் தானாக அனுப்புகிறோம். சிறிதாக்கும்போது படத்தின் திசைக் குறிப்பு தொலையாமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்பயிர் படுத்துக்கிடக்கும். சாய்ந்த பயிரா சாய்ந்த படமா என்று போதனாசிரியர் யோசிக்கும்படி விடக்கூடாது.

இப்போது அவர் கேட்பது அளவு. பூச்சி எவ்வளவு பெரிது என்று படத்தில் தெரிய வேண்டுமாம். பக்கத்தில் ஒரு நெல்மணியை வைத்து எடுக்கச் சொல்லும் வழிகாட்டிக் கோட்டை முன்காட்சியின் மேல் வரைந்துகொண்டிருக்கிறோம். பெரும்போக விதைப்புக்கு முன் அதை வட்டவிதானை ஐயாவின் கையில் கொடுக்க வேண்டும்.