கழற்றி மாட்டும் பின்சீட் சாய்மானம்: மெத்தையைக் கடைசியில் பாருங்கள்

பெரிய மோட்டார் சைக்கிளுக்குச் சாய்மானம் வேண்டும் என்று கடையில் கேட்டால் முதலில் மெத்தையைத்தான் காட்டுவார்கள். டைமண்ட் தையல், சிவப்பு நூல், அழுத்தினால் இறங்கும் ஸ்பாஞ்ச். அதை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் கிடக்கும் நான்கு சின்ன இரும்பு முளைகளை எடுத்துப் பாருங்கள். மோட்டாரில் நிரந்தரமாக இருக்கப்போவது அவைதான். சாய்மானம் ஆடுவதும் ஆடாமல் இருப்பதும் அவற்றைப் பொறுத்தது.

பெரும்பாலான மாடல்களில் அமைப்பு ஒன்றுதான். பின் மட்கார்டைத் தாங்கும் சட்டத்தில் பக்கத்துக்கு இரண்டு முளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரப்பர் புஷ் (வளையம்). சாய்மானத்தின் பக்கத் தகட்டில் ஒரு முனையில் பிளவும் மறுமுனையில் பூட்டும் இருக்கும். பிளவை முளையில் செருகி, தகட்டை இறக்கி, பூட்டைத் திருப்பினால் மாட்டியாகிவிட்டது. ஸ்பானரே தேவையில்லை.

இதில் பார்க்க வேண்டியது ஒரே பக்கத்து இரண்டு முளைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை. பின்னால் இருப்பவர் முளையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 20 கிலோ அழுத்தத்தோடு சாய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளைகளுக்கு இடைவெளி 10 செ.மீ. என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து முன் முளைகளில் 60 கிலோ விசை விழும். 20 செ.மீ. என்றால் 30 கிலோ போதும். ஆட்டமும் அதே கணக்குதான். 10 செ.மீ. இடைவெளியில் புஷ் 1 மி.மீ. தேய்ந்திருந்தால் மேலே மெத்தை 3 மி.மீ. ஆடும். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் மலைப் பக்கம் ஏறும்போது, ஆக்சிலரேட்டரை முறுக்கும் ஒவ்வொரு தடவையும் முழு உடம்பும் பின்னால் போய்ச் சாயும். அப்போதுதான் மலிவான தகட்டின் குணம் தெரியும்.

மாடல் பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, வருடமும் ஒத்துப்போக வேண்டும். ஹார்லி டூரிங் வகையில் 2009 முதல் 2013 வரைக்கும் ஒரு முளை செட், 2014-லிருந்து வேறு செட். ஹார்லியின் இன்னொரு வகையான சாஃப்டெயிலும் 2018-ல் அடியோடு மாறியது. ‘எல்லா மோட்டாருக்கும் பொருந்தும்’ என்று ஆன்லைனில் விற்கும் கிளாம்ப் வகையை நான் வாங்கச் சொல்லமாட்டேன். உருண்டைக் கம்பியைக் கவ்விப் பிடிப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று பின்னால் சாய்ந்துவிடும்.

மாட்டுவதில் தவறு நடப்பது பெரும்பாலும் போல்ட் நீளத்தில். முளை வந்து உட்கார்ந்ததும் அதன் தடிமன் அளவுக்குப் பழைய போல்ட் உள்ளே போகாது, இரண்டு மூன்று மரையைத்தான் பிடிக்கும். எம்8 (8 மி.மீ. பருமன்) போல்ட் என்றால் இரும்பில் குறைந்தது 8 மி.மீ., அலுமினியத்தில் 12 மி.மீ. மரை பிடித்திருக்க வேண்டும். நீளம் கூடினாலும் வம்புதான். மட்கார்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை, இரண்டு பேர் உட்கார்ந்து குழியில் இறங்கும்போது டயரைக் கிழித்துவிடும். ஹார்லியில் அங்குல மரை போல்ட்டுகளும் உண்டு. 5/16 அங்குலமும் எம்8-ம் பருமனில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், மரை வேறு. இரண்டு சுற்று இலகுவாகப் போய்ப் பிறகு இறுகினால் உடனே நிறுத்துங்கள். போமன் (மெக்கானிக்) அதற்குமேல் முறுக்கினால் சட்டத்தில் இருக்கும் மரை போய்விடும்.

மட்கார்டையும் இதே போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். அதனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுங்கள். மரையில் போல்ட் தளராமல் இருக்க ஒரு சொட்டு நீல லாக்டைட் பசை விட்டு, நான்கையும் கையால் இறுக்கி, சாய்மானத்தை மாட்டி நேராக உட்கார்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரை எடுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு மோட்டாரின் சர்வீஸ் புத்தகம்தான் கணக்கு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உயரத்தை அளக்கப் பின்னால் உட்காரும் ஆளே வர வேண்டும். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் மெத்தை இடுப்புக்கு மேல் முதுகை லேசாகத் தொட வேண்டும். முன்னால் தள்ளி இருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஓட்டுபவர் டாங்கோடு ஒட்டிக்கொள்வார். பின்னால் போய்விட்டால் சாய்மானம் இருந்தும் பயனில்லை, எட்டிச் சாய வேண்டியிருக்கும். முதுகில் பை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு எந்தச் சாய்மானமும் சரிப்படாது, பையை வேறு எங்காவது கட்டுங்கள்.

பத்துமலைக்குச் சேலையில் கிளம்பி ஒரு பக்கமாக உட்காருகிறவருக்கு இது விலாவில் இடிக்கும். அன்றைக்குக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஏறும்போது காலைத் தூக்கிப் போட முடியாத பெரியவர்களுக்கும் அப்படித்தான். கழற்றும் வகையை வாங்கச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். கூடுதல் பணம் கொடுத்தாவது சாவி போட்டுப் பூட்டும் வகையை வாங்குங்கள். மாலில் நிறுத்திவிட்டுப் படம் பார்க்கப் போனால், சாவிப் பூட்டில்லாத சாய்மானம் திரும்பி வரும்போது இருக்கும் என்று சொல்ல முடியாது.

கப்சாய் (சின்ன மோட்டார்) வைத்திருப்பவர்கள், பின்னால் மாட்டும் கிவி பெட்டியில் ஒட்டும் மெத்தையே போதும் என்பார்கள். சும்மா முதுகு படுவதற்குச் சரி. ஆனால் அந்தப் பெட்டியைத் தாங்கும் சின்ன மோனோலாக் தகட்டில் 3 கிலோதான் ஏற்றலாம். ஆள் முழுதாகச் சாய்ந்தால் அந்தத் தகடு தாங்குவதற்கில்லை. சாய்மானத்துக்குப் பின்னால் ரேக் வைப்பவர்களும் கனமான மூட்டையைக் கட்டக்கூடாது. பின் அச்சுக்கு அப்பால் எடை போனால் முன் சக்கரம் லேசாகும், பினாங்குப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது ஹாண்டில் மிதப்பது தெரியும். மூட்டை பின் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்காமல் இருக்க வேண்டும்.

கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் குரோம் பூசிய இரும்பைவிட எளிதில் துருப்பிடிக்காத 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுப்பது நல்லது. நம் வெயிலில் ரப்பர் புஷ் காய்ந்து வெடிக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்க வேண்டும், அமுங்காவிட்டால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பூசுவதற்கு சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும், அப்புறம் தகடு முளையில் இறங்கவே இறங்காது.