லேப்டாப் விளிம்பை மழுக்கும் வேலை

ஜூன் 4
லேப்டாப்பின் முன்விளிம்பு மணிக்கட்டை அறுக்கிறது. விரலால் தடவிப் பார்த்ததில் கூர்மை எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. மூடியைத் தூக்க நடுவில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்களே, அதன் இரண்டு முனைகள்தான் மோசம். அங்கிருந்து தொடங்கலாம்.

ஜூன் 6
அரத்தால் இழைத்தால் விளிம்பில் நிறம் போகும், அதற்குச் சம்மதமா என்பதுதான் முதல் கேள்வி. இந்தச் சாம்பல் நிறம் பெயிண்ட் இல்லை. அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்சாரத்தால் ஆக்சைடாக மாற்றி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றுகிறார்கள். அனோடைஸ் செய்த அந்தப் படலம் மிக மெல்லியது, பெரும்பாலும் 25 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் அடியில் உள்ள உலோகத்தைவிடப் பல மடங்கு கடினம். அதனால் அரம் முதலில் வழுக்கும். படலம் போனதும் மளமளவென்று இழைக்கும். அந்த நேரத்தில் கை அழுத்தினால் பள்ளம்தான். வெளியே தெரியும் வெள்ளிக் கோட்டை வீட்டில் மறைக்க வழியில்லை. சரி, எனக்குச் சம்மதம். வாரண்டி இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

ஜூன் 7
இன்று முழுக்க மூடும் வேலை. அலுமினியத் தூளில் மின்சாரம் பாயும், உள்ளே போனால் ஷார்ட் ஆகலாம். எனவே ஸ்லீப் போதாது, முழுதாக அணைத்து சார்ஜரைக் கழற்றினேன். கீபோர்டு, டச்பேட், ஸ்பீக்கர் துளைகள், போர்ட்டுகள், அடிப்பக்கக் காற்றுத் துளைகள், எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். தேய்ப்பதைவிட இதற்குத்தான் பொறுமை வேண்டும்.

ஜூன் 8
தூள் தரையில் விழும்படி விளிம்பைக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொண்டேன். நைஸ் அரம், 45 பாகை சாய்வு, நீளவாக்கில் ஒரே திசையில் மெதுவாக. அரத்தின் பல்லில் அலுமினியம் அடைத்துக்கொள்ளும். முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்தால் குறையும். அப்புறம் ரப்பரில் சுற்றிய உப்புத்தாள்: 400, 600, 1000 (எண் கூடக்கூட தாள் நைஸ்). தண்ணீர் தொடவில்லை. கூர்மை போனதா என்று விரல்நுனியால் பார்க்கக் கூடாது, அங்கே தோல் தடிப்பு. மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 9
வாக்குவம் கிளீனரால் தூளை உறிஞ்சிய பிறகே டேப்பை வெளிப்பக்கமாக உரித்தேன். ஊதவே கூடாது, தூள் உள்ளே போய்விடும். கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் ஒரு துடைப்பு.

ஜூன் 20
வெள்ளிக் கோடு சற்று மங்கியிருக்கிறது. வியர்வை உப்பு பட்டால் அப்படித்தான். இடது மூலை மட்டும் இன்னும் உரசுகிறது. அதற்கு அரம் வேண்டாம், 600 உப்புத்தாள் போதும். டேப் வேலை மட்டும் மறுபடி முழுசாக.