94-ஐத் தாண்டாத வேகமும் ஒரு வீண் ரீசெட்டும்

கஸ்டமர் கேரில் ரவுட்டரின் ரீசெட் பட்டனை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். குறைந்தபட்சம் பிபிபிஓஇ (நெட் கம்பெனியோடு ரவுட்டர் லாகின் செய்யும் முறை) யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

புகார் இவ்வளவுதான்: 300 எம்பிபிஎஸ் பிளானில் வேகம் 94-க்கு மேல் ஏறவில்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நாளுக்கு இரண்டு மூன்று முறை காணாமல் போய்த் திரும்பி வருகிறது. எடுத்த எடுப்பிலேயே வந்த பதில், "பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும் சார், ஊசி வச்சு 10 செகண்ட் அழுத்திப் பிடிங்க." பிடித்தாயிற்று. யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (கம்பெனி நெட்வொர்க்கில் நம் லைன் போகும் பாதையின் எண்) மூன்றும் அழிந்து, மெதுவாகவாவது வந்துகொண்டிருந்த நெட் அடியோடு நின்றது. பாஸ்வேர்டைத் திரும்ப வாங்க இரண்டு நாள், ஐந்து போன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி, "ரீசெட் பண்ணிப் பார்த்தீங்களா?"

ரீபூட் என்றால் பவரைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகுவது. அதில் எதுவும் அழியாது. ரீசெட் என்றால் பெட்டி கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே போய்விடும். செட்டிங்ஸ் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்தாலும் பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் புள்ளிகள்தான் விழும். லைன் நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்வதுதான் வழி. பேக்கப் எடுக்கும் வசதி ரவுட்டரில் இருந்தால் அந்த ஃபைலையும் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள்.

லைன் பார்க்க வந்தவர் ஃபைபரை மீட்டரில் சொருகினார், மைனஸ் 21 டிபிஎம் (வந்து சேரும் ஒளியின் பலத்தை அளக்கும் அலகு). ஜிபான் என்ற வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக இருக்கும் வகைக்கு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருந்தால் போதும். "எங்க சைடு ஓகே" என்று கிளம்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். கோளாறு ஓஎன்டிக்கும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டருக்கும் நடுவே இருந்த ஒரு முழ கேபிளில்.

94 என்ற எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். வைஃபை பிரச்சினை என்றால் வேகம் 40, 110, 70 என்று ஆடும். 93, 94 என்று ஆணி அடித்த மாதிரி நின்றால், வழியில் எங்கோ ஒரு ஈத்தர்நெட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். 100-இல் ஹெடர் (டேட்டாவோடு போகும் முகவரிக் குறிப்பு), இடைவெளி எல்லாம் தின்றது போக மிஞ்சுவது அவ்வளவுதான். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியில் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி இரண்டும் இருந்தால் 100 ஓடும். கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நீலமும் பிரவுனும் சேர்ந்து நான்கு ஜோடியும் வேண்டும். இதில் ஒரு கொடுமை: கிகாபிட்டில் பேசலாமா என்று இரு முனையும் பேசி முடிவு செய்வது முதல் இரண்டு ஜோடியில்தான். அங்கே சரி என்று ஒப்புக்கொண்டு, அப்புறம் மற்ற ஜோடி கிடைக்காமல் தோற்று, சில பெட்டிகள் 100-க்கு இறங்கும். சில பெட்டிகள் விட்டு விட்டு இணைந்துகொண்டே இருக்கும்.

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நுனிப்பக்கமாகப் பார்த்தால் எட்டுச் செம்புப் புள்ளி தெரிய வேண்டும். ஏழு தெரிந்தது. பிரவுன் கம்பி ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நின்றுவிட்டது. கிரிம்ப் செய்தவர், அதாவது பிளக்கைக் கம்பியில் அழுத்திப் பொருத்தியவர், எட்டையும் சமமாக வெட்டாமல் சொருகியிருக்கிறார். முனையை வெட்டி எறிந்து புது பிளக் போட்டதும் 287. ஒரு எச்சரிக்கை: கேபிளை மாற்றும் முன் ரவுட்டரின் போர்ட் கிகாபிட்தானா என்று பாருங்கள். பெட்டி மேல் 1200 என்று பெரிதாக எழுதியிருக்கும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட் 100 மட்டுமே. அந்த 1200 இரண்டு வைஃபை பேண்டையும் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) கூட்டிப் போட்ட கணக்கு.

அடுத்தது காணாமல் போகும் 5 கிகாஹெர்ட்ஸ். பழி லைன் மேலா வைஃபை மேலா என்று பிரிக்க, வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் இரண்டு விண்டோ திறந்து ஒன்றில் ரவுட்டரின் 192.168.1.1-க்கும் இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8-க்கும் விடாமல் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட விட்டால் போதும் (உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருக்கலாம்). இரண்டாவது மட்டும் அறுந்தால் லைன். இரண்டும் சேர்ந்து அறுந்தால் வைஃபை, இல்லையென்றால் ரவுட்டரே ஹேங் ஆகிறது. இங்கே இரண்டும் அறுந்தன. அந்த நேரத்தில் 2.4-இல் இருந்த போன் நன்றாகவே வேலை செய்தது. ஆக ரவுட்டரும் தப்பியது, லைனும் தப்பியது.

காரணம் சேனல் 100 (5 கிகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும் அலைவரிசைகளில் ஒன்றின் எண்). ஆட்டோவில் விட்டதால் ரவுட்டர் தானாக அங்கே போய் உட்கார்ந்திருந்தது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாருடன் பங்கு போடுபவை. ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் 10 நொடிக்குள் காலி செய்ய வேண்டும், அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. தாவும் புது சேனலும் அதே வகை என்றால் முதலில் ஒரு நிமிடம் சும்மா கேட்டுவிட்டுத்தான் பேசலாம். அந்த ஒரு நிமிடம்தான் வைஃபை பெயரே லிஸ்டில் இல்லாத நேரம். சேனலை 36 என்று கையால் வைத்தேன், அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். அதோடு நின்றது. கை வைத்ததோடு 2.4-ஐயும் 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து 1, 6, 11-இல் கூட்டம் குறைந்த ஒன்றில் வைத்துவிடுங்கள். 3, 4 என்று நடுவில் போனால் இரண்டு பக்கத்து இரைச்சலும் வந்து சேரும்.

புகார் எண்ணுக்கு மறுநாள் எஸ்எம்எஸ் வந்தது: ரவுட்டர் ரீசெட் செய்யப்பட்டு பிரச்சினை தீர்க்கப்பட்டது, புகார் முடிக்கப்படுகிறது.